உருளும் இல்லத்தில் ஐந்து நாள்

அமெரிக்க நாட்டின் தெற்கு டகோடா மாநிலத்தில், சிற்றூர்ப் பங்கு ஒன்றின் தந்தை விடுப்பில் சென்றிருந்த ஒரு ஜூன் மாதம், அவருக்குப் பதிலாக அங்கே பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மக்காச்சோளமும் சோயாவும். நடுவே ஒரு கோவில், ஒரு தானியக் கிடங்கு, ஒரு பெட்ரோல் நிலையம், சில வீடுகள். அவ்வளவே ஊர். சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்கு வருகிறவர்களை எளிதில் எண்ணிவிடலாம். ஆதலின், கோவில் வளாகத்தில் ஒரு மாலை பேருந்தைப் போன்ற நீண்ட வெள்ளை வண்டி ஒன்று வந்து நின்றபோது, ஏதோ திருப்பயணக் கூட்டம் வந்திருக்கிறது என்றே எண்ணினேன். இறங்கியவர்களோ ஐவர்தாம். கணவர், மனைவி, பதினான்கு வயது மகள், பத்தும் எட்டும் வயதான இரு புதல்வர்கள்.

திருப்பலி முடிந்ததும் அந்தத் தாய் என்னிடம் வந்தார்.

"ஃபாதர், எங்களுக்கு ஒரு சந்தேகம். எங்கள் பங்கு எது?"

நம் ஊரில் எவரும் கேட்க மாட்டாத கேள்வி. அவர் விளக்கிச் சொன்னார். ஒஹையோ மாநிலத்திலிருந்த தங்கள் வீட்டை விற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றனவாம். அன்றுமுதல் ஆண்டு முழுவதும் அந்த வண்டியிலேயே வாசம். நாட்டின் தேசியப் பூங்காக்களையும் அருங்காட்சியகங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்கின்றனர். கணவர் கணினி வழியே வேலை செய்கிறார். பிள்ளைகளுக்குத் தாயே ஆசிரியை. அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்விக்குச் சட்டம் இடம் தருகிறது. இளையவனுக்கு முதல் நற்கருணை வாங்கும் பருவம் வந்துவிட்டது. இரண்டு ஊர்களில் கேட்டுப் பார்த்தாராம். "முதலில் பங்கில் பதிவு செய்யுங்கள், பிறகு இரண்டு ஆண்டு மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்புங்கள்" என்றே விடை கிடைத்தது. "நாங்கள் எங்கும் இரண்டு வாரத்துக்கு மேல் தங்குவதில்லையே, ஃபாதர்" என்று கூறியபோது அவர் குரல் தழுதழுத்தது.

அவர் கணவர் சிரித்துக்கொண்டே தம் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் காட்டினார். அதில் தெற்கு டகோடாவின் சூ ஃபால்ஸ் நகர முகவரி ஒன்று அச்சாகியிருந்தது. "எங்கள் முகவரி இதுதான். அங்கே எங்களுக்கு வீடு கிடையாது. ஒரே ஓர் இரவு தங்கினோம்" என்றார்.

வேடிக்கையன்று, உண்மையே. வண்டியிலேயே வாழ்வோருக்கும் வரி செலுத்தவும், காப்பீடு பெறவும், உரிமம் வாங்கவும் ஒரு முகவரி வேண்டுமல்லவா? இத்தகையோரை வரவேற்கும் மாநிலங்கள் சில உண்டு; தெற்கு டகோடா அவற்றுள் பெயர் பெற்றது. மாநிலத்துக்குள் ஓர் இரவு தங்கியதற்கு விடுதியோ முகாம் திடலோ தந்த ரசீதும், கடிதங்களைப் பெற்று அனுப்பிவைக்கும் நிலையம் ஒன்றில் ஒரு பெட்டி எண்ணும் இருந்தால், அவர் அம்மாநிலத்தவர் ஆகிவிடுகிறார். வாக்குரிமைக்கு மட்டும் 2023இல் சட்டத்தை இறுக்கி, முப்பது நாள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்றார்கள்.

தாயின் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றபோது, இதெல்லாம் எவருக்குப் பயன்படப் போகிறது என்று நாங்கள் முணுமுணுத்த பகுதி ஒன்றுண்டு. 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு, ஒருவர் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு ஓரிடத்தில் குடியேறினாலோ, ஐந்து ஆண்டுகள் முழுமையாக அங்கே வாழ்ந்திருந்தாலோ அது அவருடைய உறைவிடம் என்கிறது. மூன்று மாதம் தங்கினால் அது குறை உறைவிடம். இவ்விரண்டும் இல்லாதவருக்கு இலத்தீனில் 'வாகுஸ்' என்று பெயர். அலைந்து திரிபவர் என்பது பொருள். அத்தகையவர் எந்த இடத்தில் உள்ளபடியே தங்கியிருக்கிறாரோ, அந்த இடத்துப் பங்குத்தந்தையே அவருடைய பங்குத்தந்தை என்று 107ஆம் சட்டம் தெளிவாகக் கூறுகிறது.

"அம்மா, இன்றிரவு நீங்கள் இந்த வளாகத்தில் தூங்கினால் உங்கள் பங்கு இதுதான்" என்றேன்.

விடுப்பிலிருந்த பங்குத்தந்தையைத் தொலைபேசியில் அழைத்து இசைவு பெற்றேன். சிறுவனைச் சோதித்தேன். இரண்டு ஆண்டுகளாகத் தாய் வண்டியின் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லிக்கொடுத்ததை அவன் பிசகின்றிச் சொன்னான். இறுதியாக, "கோவிலுக்குள் நுழைந்ததும் முதலில் எதைப் பார்ப்பாய்?" என்று கேட்டேன். "சிவப்பு விளக்கை, ஃபாதர். எல்லா ஊரிலும் இருக்கிறது. நான் எண்ணிக்கொண்டு வருகிறேன். இது நூற்றுப் பதினேழாவது" என்றான். மறுநாள் ஞாயிறு காலை அவனுக்கு முதல் நற்கருணை வழங்கினேன். ஊர்ப் பெண்கள் செய்தி கேட்டு இரவோடிரவாகக் கேக் செய்து கொண்டுவந்திருந்தனர். பெயர்கூடத் தெரியாத பிள்ளைக்கு!

அன்று மாலை அவர்கள் என்னையும் உடன் வருமாறு அழைத்தனர். அடுத்த சனிக்கிழமை மாலைக்குள் பேருந்தில் திரும்பிவிடலாம் என்று கணக்கிட்டு ஒப்புக்கொண்டேன். மாநிலத்தின் கிழக்கிலிருந்து மேற்குக் கோடிவரை ஐந்து நாள் பயணம்.

வாசக அன்பர்களுக்கு அந்த வண்டியைப்பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஆர்.வி. என்று அங்கே அழைக்கிறார்கள். 31 அடி நீளம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பரண்போல் ஒரு படுக்கை; அது மகளுடையது. பின்புறம் பெற்றோருக்கு அறை. நடைவழியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறுவருக்கு இரு கட்டில்கள். சமையல் அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை, நின்று குளிக்க ஓர் அலமாரி அளவு இடம். வண்டி நின்றபின் விசையை அழுத்தினால் பக்கச் சுவரின் ஒரு பகுதி மேசைநாற்காலியுடன் வெளியே நகர்ந்து கூடத்தை அகலமாக்குகிறது. சாப்பாட்டு மேசையைத் தாழ்த்தி மெத்தையை விரித்தால் விருந்தினர் படுக்கை தயார். என் ஐந்து இரவுகளும் அதில்தான் கழிந்தன.

புறப்படும் முன் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை. மகள் அலமாரிக் கதவுகளின் கொக்கிகளைச் சோதிப்பாள். ஒன்று விட்டுப்போனாலும் முதல் வளைவில் தட்டுகள் தரையில் உருளும். நடுப்பிள்ளை படியை மடக்குவான். இளையவன் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டைகளை எடுப்பான். தந்தைக்கு உரியது யாரும் விரும்பாத வேலை. வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் உள்ளன: நல்ல நீருக்கு ஒன்று, குளித்த நீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. இந்த மூன்றாவதைச் சில நாட்களுக்கு ஒருமுறை அதற்கென அமைந்த நிலையத்தில் குழாய் மாட்டித் திறந்துவிட வேண்டும். அவர் கையுறை அணிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைச் செய்யும்போது, மலைமுகடுகளின் படத்தை மட்டும் கண்டு இவ்வாழ்வின்மேல் ஆசை கொள்வோர் இதையும் காண வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். எரிபொருளோ லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர்கூடத் தருவதில்லை. ஆகவே இவர்கள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம்.

முதல் நாள் டி ஸ்மெட் என்னும் ஊரில் தங்கினோம். பெயரைக் கேட்டதும் என் காது நிமிர்ந்தது. பெல்ஜியத்தில் பிறந்து, அமெரிக்கப் பழங்குடியினரிடையே பணியாற்றி, ஓயாமல் பயணம் செய்த இயேசு சபைக் குரு பியேர் ழான் டி ஸ்மெட் அடிகளின் பெயரே ஊருக்கு இடப்பட்டிருக்கிறது. அவர் அடிக்கல் நாட்டிய ஊரன்று. ஆயினும் அலைந்து திரிந்தவர் ஒருவரின் பெயர் இவ்வூருக்குப் பொருத்தமே. ஏனெனில் இது இங்கல்ஸ் குடும்பத்தின் ஊர்.

லாரா இங்கல்ஸ் வைல்டர் என்ற அம்மையார் 1932 தொடங்கி எழுதிய சிறுவர் நூல்களை அமெரிக்கக் குழந்தைகள் இன்றும் படிக்கின்றனர். நம் கூண்டு வண்டியை ஒத்த, துணிக்கூரை வேய்ந்த குதிரை வண்டியில் தம் பெற்றோர் குடிபெயர்ந்துகொண்டே இருந்த கதை அது. விஸ்கான்சின், கேன்சஸ், மின்னசோட்டா, ஐயோவா என்று சுற்றி, 1879இல் இங்கே வந்து சேர்ந்தனர். 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, 160 ஏக்கர் நிலத்தில் குடிசை போட்டு, உழுது, ஐந்து ஆண்டு வாழ்ந்து காட்டினால் நிலம் சொந்தமாகும். தந்தை சார்லஸ் இங்கல்ஸ் 1880இல் உரிமை கோரிய அந்த நிலம் இன்று காட்சிக்கூடமாக உள்ளது. அவர் நட்ட காட்டன்வுட் மரங்களில் சில இன்றும் நிற்கின்றன. அங்கேயே வண்டிகள் தங்கவும் இடமுண்டு.

ஐந்து ஆண்டு! திருச்சபைச் சட்டமும் அதையே கேட்கிறது, லிங்கன் கையெழுத்திட்ட சட்டமும் அதையே கேட்டது. இக்காலத்து ஓட்டுநர் உரிமத்துக்கோ ஓர் இரவு போதும். இதைச் சொன்னபோது கணவர் உரக்கச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

அந்த மரங்களின் அடியில் அவள் என்னிடம், தந்தையின் காதில் விழும்படியாகவே, "ஃபாதர், அந்தக் கதையில் அம்மா ஒரு நிபந்தனை போடுவார், தெரியுமா? இதுதான் கடைசி இடம், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும் என்று. அப்பாவுக்கு இன்னும் மேற்கே போக ஆசை. ஆனாலும் போகவில்லை" என்றாள். தந்தை மரத்தின் பட்டையைத் தடவியவாறு நின்றார், திரும்பிப் பார்க்கவில்லை. மாலை முழுவதும் வண்டியில் எவரும் அதிகம் பேசவில்லை.

மறுநாள் 90ஆம் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கி ஓடினோம். சேம்பர்லின் என்னுமிடத்தில் மிசௌரி ஆறு குறுக்கிடுகிறது. கரைமேட்டில், நட்சத்திரக் கோலமிட்ட போர்வையை விரித்து நிற்கும் பழங்குடிப் பெண்ணின் 50 அடிச் சிலை, 2016இல் நிறுவப்பட்டது. அதே ஊரில், திரு இருதய சபைக் குருக்கள் 1927இல் பழங்குடிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியும், அதன் வளாகத்தில் அக்டா லக்கோட்டா அருங்காட்சியகமும் உள்ளன. மணிவேலைகளும் எருமைத்தோல் ஆடைகளும் மிக அழகு. ஆனால் வட அமெரிக்காவின் உறைவிடப் பள்ளிகள் பலவற்றில், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்தம் மொழியையும் மறக்கச் செய்த பாவத்தில் நம்மவர்க்கும் பங்குண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலையில் கனடாவுக்கே சென்று அதற்காக மன்னிப்புக் கேட்டார். அந்தக் கண்ணாடிப் பேழைகளின் முன் குருவின் உடையில் நிற்பது எனக்கு எளிதாக இல்லை.

ஆற்றைக் கடந்து மேலும் மேற்கே சென்றதும் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ள வேண்டும்; மாநிலத்தின் நடுவிலேயே நேரக்கோடு ஓடுகிறது. கிடைத்த அந்த ஒரு மணியை இளையவன் ஐஸ்கிரீமுக்குச் செலவிடச் செய்தான்.

பேட்லாண்ட்ஸ்! புல்வெளி சமமாக ஓடிவந்து, திடீரென்று ஓரிடத்தில் தரை இடிந்து விழுந்தாற்போல் முடிகிறது. கீழே கோபுரங்களும் முகடுகளும் பள்ளங்களுமாய், இளஞ்சிவப்பும் மஞ்சளும் சாம்பலும் வரிவரியாய் அடுக்கிய மண்மலைகள். லக்கோட்டா மக்கள் இதனைத் தங்கள் மொழியில் 'கெட்ட நிலம்' என்றே அழைத்தனர், நீரில்லை, வழியில்லை. கடலடி மண்ணும் ஆற்று வண்டலும் எரிமலைச் சாம்பலும் பல கோடி ஆண்டுகளாகப் படிந்து உருவான நிலம். சுமார் ஐந்து லட்சம் ஆண்டுகளாக மழையும் காற்றும் இதனை அரித்து வருகின்றன. ஆண்டுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம். கல்லைப்போல் தோன்றுவது கண்முன்னே கரைந்துகொண்டிருக்கிறது. 1939இல் தேசிய நினைவிடமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று.

பூங்கா வாயிலில் நடுப்பிள்ளைதான் தலைவன். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்நாட்டு அரசு ஓராண்டு இலவச அனுமதிச் சீட்டு வழங்குகிறது. உடன்வரும் குடும்பமும் அதிலேயே நுழையலாம். "என் தயவில்தான் எல்லோரும் உள்ளே போகிறீர்கள்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சீட்டை நீட்டினான். வரவேற்பு நிலையத்தில் சிறுவருக்கு ஒரு பயிற்சி ஏடு தருகிறார்கள். பாறைகளையும் விலங்குகளையும் கவனித்து அதை நிரப்பிக் கொடுத்தால், பூங்கா அலுவலர் திருத்திப் பார்த்து, வலக்கையை உயர்த்தச் சொல்லி, இயற்கையைக் காப்பேன் என்று உறுதிமொழி வாங்கி, 'இளம் காவலர்' என்ற பதக்கத்தை அணிவிக்கிறார். சிறுவர் இருவரின் தொப்பிகளிலும் இடமில்லாதபடி பதக்கங்கள்.

அங்கே கண்ணாடிக்குப் பின்னால் அறிஞர்கள் எலும்புப் படிமங்களை ஊசியாலும் தூரிகையாலும் சுத்தம் செய்வதைப் பார்வையாளர் அருகிருந்து காணலாம். 2010ஆம் ஆண்டு, இதே சிறுவர் திட்டத்தில் சேர்ந்திருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, நிலையத்துக்கு அருகிலேயே மண்ணில் நீட்டிக்கொண்டிருந்த எலும்பைக் கண்டு அலுவலரிடம் அறிவித்தாள். அது வாட்பல் பூனையை ஒத்த ஒரு தொல்விலங்கின் மண்டையோடு! அவள் அதைத் தோண்டாமல், தொடாமல், உரியவரிடம் சொன்னாளே, அதுதான் பெரிது என்றார் அலுவலர். அன்று முழுவதும் எங்கள் சிறுவர் தரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. பள்ளிக்கூடச் சுவருக்குள் இப்படிப்பட்ட ஒரு நாள் கிடைக்குமா என்று தாய் என்னைக் கேட்டார். கிடைக்காது என்பதை நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

பூங்காவின் தென்பகுதி ஒக்லாலா லக்கோட்டா மக்களின் பைன் ரிட்ஜ் நிலத்துக்குள் அமைந்திருக்கிறது. அதன் வரலாற்றைப் படித்தபோது எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. 1942இல், போர் விமானங்கள் குண்டு வீசிப் பழகுவதற்கென்று அந்த மக்களின் நிலத்தில் 3,41,000 ஏக்கருக்கு மேல் அரசு எடுத்துக்கொண்டது. 125 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஓர் இரவு தங்கினால் முகவரி தரும் அதே மாநிலத்தில், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு இருந்த முகவரியும் போயிற்று.

அன்றிரவு பூங்காவை ஒட்டிய தேசியப் புல்வெளியில், மலை விளிம்பிலே வண்டியை நிறுத்தினோம். அங்கே பதினான்கு நாள்வரை கட்டணமின்றித் தங்கலாம். ஆனால் குழாயில்லை, மின்சாரமில்லை. தொட்டியிலிருந்த 60 காலன் நீர், அதாவது சுமார் 227 லிட்டர், ஆறு பேருக்கு மூன்று நாள் வர வேண்டும். ஆகவே குளியலுக்கு ஒரு முறை வைத்திருந்தனர்: உடலை நனைத்துக் குழாயை மூடு, சோப்புப் போடு, திறந்து அலசு, முடி. இரண்டு நிமிடத்துக்கு மேலானால் வெளியே கதவு தட்டப்படும். விருந்தாளியாகிய எனக்கும் தட்டப்பட்டது! நள்ளிரவில் இடியும் ஆலங்கட்டியும் வந்தன. காற்று வண்டியைத் தொட்டில்போல் ஆட்டியது. ஜன்னல்வழியே மின்னலில் அந்த மண்மலைகள் தோன்றித் தோன்றி மறைந்தன. சிறுவர் இருவரும் அசையாமல் தூங்கினர். பரணிலிருந்த மகள் மட்டும் விழித்திருந்தாள் என்பது காலையில் அவள் கண்களில் தெரிந்தது.

காலையில் பக்கத்துச் சிறு வேனிலிருந்து மூதாட்டி ஒருவர், கூரையிலிருந்த சூரிய ஒளித் தகடு உடைந்ததா என்று பார்க்க இறங்கினார். கணவர் இறந்தபின் வாடகைக் கட்ட இயலாமல் வேனுக்குக் குடிவந்தவராம். கோடையில் முகாம் திடல்களில் கழிப்பறை கழுவி, வருவோரைப் பதிவு செய்யும் வேலை. குளிர்காலத்தில் அரிசோனாப் பாலைவனம். 2008இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் இவரைப் போன்றோர் பெருகினர். ஜெசிக்கா புரூடர் என்னும் இதழாளர் 2017இல் 'நோமாட்லாண்ட்' என்ற நூலில் இவர்களைப்பற்றி எழுதினார். அதைத் தழுவிய திரைப்படத்துக்கு 2021இல் ஆஸ்கர் பரிசு கிடைத்தது. அதன் சில காட்சிகள் இந்தப் பகுதியிலேயே எடுக்கப்பட்டவை. நம் குடும்பத்தின் பெரிய வண்டியைக் காட்டி அந்த மூதாட்டி, கசப்பின்றிச் சொன்னார்: "இவர்கள் வீட்டை விட்டு வந்தார்கள். என்னை வீடு விட்டுவிட்டது." தாய் அவருக்குக் காலை உணவு கொண்டுபோய்க் கொடுத்தார். அவரோ பதிலுக்குச் சிறுவருக்குத் தாம் பின்னிய கம்பளித் தொப்பிகளைத் தந்தனுப்பினார்.

அருகிலுள்ள வால் என்னும் சிற்றூரில் நம் வாசகர்க்குச் சுவையான செய்தி ஒன்றுண்டு. டெட் ஹஸ்டெட் என்ற இளம் மருந்துக்கடைக்காரரும் மனைவி டாரத்தியும், கத்தோலிக்கக் கோவில் உள்ள சிற்றூராகவே பார்த்துத் தேடி, 1931இல் இங்கே கடை வாங்கினர். ஐந்து ஆண்டுகள் ஈயோட்டினர். 1936இல் ஒரு வெயில் நாளில், சாலையில் ஓடும் கார்களின் இரைச்சலால் தூங்க முடியாத டாரத்தி, இத்தனை பேரும் தாகத்தோடுதானே போகிறார்கள் என்று எண்ணி, இலவசமாகப் பனிக்கட்டி நீர் தருகிறோம் என்று பலகை எழுதி வைக்கச் சொன்னார். பலகை நட்டுவிட்டு டெட் திரும்புமுன்பே கார்கள் கடைக்கு வரத் தொடங்கிவிட்டனவாம். இன்று அது ஒரு தெருவையே அடைத்து நிற்கும் பெருங்கடை. உள்ளே வழிப்போக்கர் செபிக்க ஒரு சிற்றாலயமும் உண்டு. நீர் இன்னும் இலவசமே. பொம்மைகளும் தொப்பிகளும் மலைமலையாய்க் குவிந்திருந்த மற்றப் பகுதிகளில் எனக்கு ஈடுபாடு உண்டாகவில்லை. சிறுவரை வெளியே இழுத்து வருவதுதான் பெரும்பாடு.

நான்காம் நாள் கருங்குன்றுப் பகுதியின் தெற்கே ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரை அடைந்தோம். 1974இல் வீடுகள் கட்ட நிலத்தைச் சமன் செய்தபோது, இயந்திரம் ஒரு பெரிய தந்தத்தைப் புரட்டியது. நில உரிமையாளர் வீட்டுத் திட்டத்தைக் கைவிட்டு, தாம் வாங்கிய விலைக்கே நிலத்தை ஆய்வுக்கு விட்டுக்கொடுத்தார். இன்று அந்தக் குழியின் மேலேயே கூரை அமைத்து அருங்காட்சியகமாக்கியுள்ளனர். எலும்புகள் கிடந்தபடியே கிடக்கின்றன. மாமூத் என்னும் தொல்யானைகள் 61 இதுவரை அடையாளம் காணப்பட்டுள்ளன. ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு, வெந்நீரூற்றுக் குளத்தில் நீரருந்தவோ புல் மேயவோ இறங்கி, வழுக்கும் கரையில் ஏற முடியாமல் மடிந்தவை. அவை ஏறக்குறைய எல்லாமே இளம் ஆண்கள் என்று வழிகாட்டி விளக்கினார். யானைகளில் பெண்களும் குட்டிகளும் ஒரு மூதாட்டி யானையின் தலைமையில் கூட்டமாக வாழும். பருவமடைந்த ஆண்கள் தனித்து அலையும். எந்தக் கரை வழுக்கும் என்று அவற்றுக்குச் சொல்ல ஆளில்லை.

தாய் கணவரைப் பார்த்தார். மகள் தந்தையைப் பார்த்தாள். "சரி, சரி, எனக்குப் புரிகிறது" என்று அவர் இரு கைகளையும் தூக்கியபோது வழிகாட்டி உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஆனால் அன்றிரவு சிரிப்பு இல்லை. பைன் மரங்களுக்கிடையே வண்டியை நிறுத்தி, சிறுவர் தூங்கியபின், மகள் வாய் திறந்தாள். "எனக்கு ஒரே ஒரு பள்ளி ஆண்டு வேண்டும், அப்பா. ஒரே மரம் இலை உதிர்த்து மறுபடியும் துளிர்ப்பதை ஒரே ஜன்னல்வழியாகப் பார்க்க வேண்டும். எனக்கு நண்பர்கள் நிறைய இருக்கிறார்கள். எல்லோரும் இரண்டு வார நண்பர்கள்." தந்தை நெடுநேரம் பேசவில்லை. எழுந்து, வண்டியின் முட்டுகளைப் பார்த்துவருவதாகச் சொல்லி வெளியே போனார். சற்றுப் பொறுத்து நானும் சென்றேன்.

"நான் தவறு செய்துவிட்டேனா, ஃபாதர்?" என்று கேட்டார். அவருடைய தந்தை ஒரே தொழிற்சாலையில் நாற்பது ஆண்டு உழைத்து, ஓய்வு பெற்றபின் நாட்டைச் சுற்றிப் பார்க்கலாம் என்றிருந்து, ஓய்வு பெற்ற ஆண்டே இறந்துவிட்டாராம். அதனால்தான் இவர் காத்திருக்கவில்லை. இதைக் கேட்டபின் தவறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நான் என் கதையைச் சொன்னேன். குருவாகி இதுவரை ஏழு பங்குகளுக்கு மாற்றப்பட்டிருக்கிறேன். ஆயரின் கடிதம் வந்தால் இரண்டு பெட்டிகளும் புத்தகக் கட்டும்தான் என் வீடு. நட்ட மாங்கன்றுகளில் ஒன்றின் கனியைக்கூட நான் தின்றதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லாமலில்லை. "ஆனால் இந்த வாழ்வை நான் கேட்டுப் பெற்றேன். அவளை யாரும் கேட்கவில்லையே" என்றேன். அவர் இருட்டில் தலையசைத்தார்.

கடைசி நாள் ரஷ்மோர் மலையை எட்ட நின்று பார்த்தோம். 1927 முதல் 1941 வரை செதுக்கிய நான்கு குடியரசுத் தலைவர்களின் 60 அடி முகங்கள். படங்களில் கண்டதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அந்த மலை யாருடையது என்ற கேள்வி பெரிது. 1868இல் லாரமி கோட்டையில் செய்த உடன்படிக்கை, கருங்குன்றுகளை சூ மக்களுக்கே உரியதென்றது. அந்த ஆண்டு, போரை நிறுத்தும் பேச்சுக்காகத் தலைவர் சிட்டிங் புல்லின் பாசறைக்குத் துணிந்து சென்றவர், முதல் நாள் நாம் பெயர் கேட்ட அதே டி ஸ்மெட் அடிகள்தாம். 1874இல் பொன் கண்டுபிடிக்கப்பட்டது. 1877இல் குன்றுகள் பறிக்கப்பட்டன. 1980இல் உச்ச நீதிமன்றம் அது அநியாயம் என்று கூறி, பத்துக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு உறுதி செய்தது. வட்டியோடு அது இன்று நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அந்நாட்டின் மிக ஏழ்மையான மக்களுள் அடங்கும் அவர்கள் அப்பணத்தைத் தொடவில்லை. நிலம் விற்பனைக்கு இல்லை என்கிறார்கள். மகள் இதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எழுதியதற்கடியில் இரண்டு முறை கோடிட்டதையும் பார்த்தேன்.

ரேப்பிட் சிட்டியில் என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டனர். இளையவன் அந்நகரக் கோவிலின் சிவப்பு விளக்கை அன்று காலையே எண்ணி முடித்திருந்தான்.

நவம்பரில், நான் நம் ஊர் திரும்பியபின், கடிதம் ஒன்று வந்தது. அனுப்புநர் முகவரியில் சூ ஃபால்ஸ் இல்லை. ஒஹையோவில் ஒரு தெருவின் பெயரும் கதவு எண்ணும் இருந்தன. பாட்டியின் வீட்டுக்கு அருகே ஓராண்டுக்கு வாடகை வீடு பிடித்திருக்கிறார்களாம். மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். கணக்கில் முன்னே, உடற்பயிற்சிப் பந்தாட்டத்தில் பின்னே. வண்டி வீட்டின் பக்கவாட்டில் நிற்கிறது. அடுத்த ஜூனில் மறுபடி புறப்படுவதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. மகளுக்கும் வாக்குண்டு என்று தாய் எழுதியிருந்தார். இளையவன் மட்டும் வீட்டுக்குள் தூக்கம் வரவில்லை என்று வெள்ளி இரவுகளில் போர்வையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போய்விடுகிறானாம்.

கடிதத்தின் ஓரத்தில் அவன் பென்சிலால் ஒரு கேள்வி கேட்டிருந்தான். சிவப்பு விளக்குக் கணக்கு நூற்று முப்பத்தொன்றில் நின்றுவிட்டது. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கோவில்தான். அதையே மறுபடி மறுபடி எண்ணலாமா?

எண்ணலாம் என்று அன்றே எழுதிப் போட்டேன்.